கைமுறுக்கில் கையா இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் 22 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். சித்திரையில் எங்களுக்கு வந்த ஒரு பார்சலைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. போன வாரம் கோட்டையூர் பஸ்ஸில் பின் சீட்டில் ஒருவர், "அந்தக் காலேஜுக்கு மனுசச் சதை ஐஸ் பெட்டியில வருதாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டியைப் பிரித்தவள் நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியமே பெட்டி கூரியர் ஆபீசுக்கு வந்துவிட்டது. பில்லில் 'ஹியூமன் மையோகுளோபின்' என்றும், அதன் கீழே 'மசில் புரோட்டீன்' என்றும் இருந்திருக்கிறது. அதைப் படித்த பையன் மிரண்டுபோய், மற்ற பார்சல்களோடு சேர்க்காமல் வெளியே பைக் நிறுத்தும் தகரக் கொட்டகையில் தள்ளி வைத்துவிட்டான். எனக்கு போன் வந்தது திங்கள்கிழமை காலையில். "அக்கா, மனுசத் தசைன்னு போட்டிருக்கே, போலீசுக்குச் சொல்லணுமா?"

ஓடிப்போய்த் திறந்தேன். குளிருக்காக உள்ளே வைக்கும் உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த கரியமில வாயு, உருகித் தண்ணீராகாது, அப்படியே ஆவியாகிப் போய்விடும். அதனால் தெர்மோகோல் பெட்டி நேற்றுத் துடைத்து வைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய சின்னக் குப்பி, கையில் வெதுவெதுவென்று இருந்தது. அதில் இருந்தது 100 மைக்ரோகிராம் புரதம். தூள் உப்பில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி எடைதான் வரும். விலையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

இனி பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தவருக்கு என் பதில். கைமுறுக்கு வாங்குகிறோமே, அதில் கையா இருக்கிறது? அதுபோலத்தான் இங்கே 'மனித' என்ற சொல்லும். மையோகுளோபின் செய்வதற்கான குறிப்பு மனித மரபணுவில் இருக்கிறது. அதன் நகலை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால், அதைப் பார்த்து பாக்டீரியாவே 153 அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தைச் சமைத்துக் கொடுக்கும். குறிப்பு ஆச்சியுடையது, அடுப்படியில் நிற்பவர் வேறு ஆள். எந்த மனிதர் உடம்பிலிருந்தும் ஒரு துளி எடுக்கவில்லை. என் மாமனார் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினிலும் 'ஹியூமன்' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. முன்பெல்லாம் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு பாக்டீரியா செய்த இன்சுலின் மருந்துக் கடைக்கு வந்துவிட்டது. அதை ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைக்க யாரும் பயப்படுவதில்லை.

மையோகுளோபினும் நமக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை கறி கழுவும்போது வருகிற சிவப்புத் தண்ணீரை ரத்தம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது இந்தப் புரதம்தான், தசைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருப்பது. தசை சிதைந்தால் ரத்தத்தில் கசிந்து சிறுநீரில் இறங்கும். கடல்பாம்பு கடித்தவர்களுக்குச் சிறுநீர் கறுத்துப் போவது இதனால்தான். எங்கள் மாணவன் ஒருவன் தொண்டிப் பக்கம் மீனவர் வீட்டுப் பிள்ளை. சிறுநீரில் மையோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சட்டென்று காட்டும் ஒரு சின்ன மின்முனைக் கருவியைச் செய்துகொண்டிருக்கிறான். குதிரைத் தசையிலிருந்து எடுத்தது மலிவாகவே கிடைக்கும். ஆனால் மனிதருடையதை அளக்கப் போகிற கருவியை மனிதருடையதை வைத்துத்தானே சரிபார்க்க வேண்டும்?

"முழுசாவா கெட்டிருக்கும்? கொஞ்சமாவது தேறாதா அக்கா?" என்று அவன் கேட்டான். தேறியிருக்கலாம். ஆனால் எங்களுக்கு அது படிக்கல். தேய்ந்த படிக்கல்லை வைத்து எடை போட்டால் கடையில் உள்ள அத்தனை சரக்கின் எடையும் தப்பு. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், அடியில் மெல்லிய கலங்கல். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாத வேலை தள்ளிப்போனது.

அந்தக் கூரியர் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூரியர் ஆபீஸ்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உலர் பனிக்கட்டி என்று ஒட்டிய பெட்டி எது வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்துவிடுங்கள். சனியோ ஞாயிறோ, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கமும் தவறு உண்டு. வாரக் கடைசியில் வந்து சேரும்படி ஆர்டர் கொடுத்திருக்கக் கூடாது.

அடுத்த குப்பிக்குச் சொல்லியாகிவிட்டது, புதன்கிழமை வருகிறது. இந்த முறை பில்லில் பெயருக்குப் பக்கத்தில் 'பாக்டீரியாவில் தயாரித்தது' என்றும் போடச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்து வேறு ஏதாவது கிளம்புவதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக உதவியாளர்,
கோட்டையூர்.