டொலுவீனில் பிழைக்கும் உயிர்: வசந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. படியேற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே விடைத்தாள் திருத்தும் வேலை இப்போதுதான் ஓய்ந்தது. பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறான். வீடு இப்போதே பாதி காலியானது போல இருக்கிறது.

பெயிண்டைக் கரைக்கும் டொலுவீனில் பாக்டீரியா எப்படி உயிர் பிழைக்கிறது என்று யாழினி கேட்ட கேள்வியை நீ கடைசி வரியில் எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் முதல் வரி. டொலுவீன் பட்டால் செல் செத்துவிடும் என்று படித்தவளுக்கு, டொலுவீனுக்குள்ளேயே வளரும் பாக்டீரியா இருக்கிறது என்றால் குழப்பம் வரத்தான் செய்யும். நாம் எம்.எஸ்சி. படிக்கும்போது பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற என்சைமுக்குச் சோதனை செய்தோமே, நினைவிருக்கிறதா? இ.கோலை பாக்டீரியாவை வளர்த்த குழாயில் ஒன்றிரண்டு சொட்டு டொலுவீன் விட்டுக் குலுக்குவோம். செல்லைச் சுற்றிய சவ்வில் ஓட்டை விழும், ஓ.என்.பி.ஜி. என்ற நிறமற்ற பொருள் உள்ளே போகும், என்சைம் அதை உடைக்க உடைக்கக் குழாய் மெல்ல மஞ்சளாகும். நமக்கு டொலுவீன் என்றால் செல்லைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான்.

1989இல் ஜப்பானில் இனோவே, ஹொரிகோஷி இருவரும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவின் ஒரு ரகத்தைப் பற்றி எழுதினார்கள். வளர்ப்பு ஊடகத்தில் பாதிக்குப் பாதி டொலுவீன் ஊற்றியும் அது வளர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நெதர்லாந்தில் எஸ்12 என்ற ரகமும், ஸ்பெயினின் கிரனாடாவில் கழிவுநீரிலிருந்து டாட்-டி1ஈ என்ற ரகமும் வந்தன. கிரனாடா ரகம் 90 சதவீத டொலுவீனிலும் வளரும் என்று 1995இல் பதிவாகியிருக்கிறது. 50, 90 என்ற எண்களைக் கண்டு யாழினி மலைத்துவிட வேண்டாம். டொலுவீன் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் அளவுதான் கரையும். மீதி எல்லாம் மேலே தனி அடுக்காக நிற்கும். ஆனால் அந்த அரை கிராமே போதும். டொலுவீனுக்குத் தண்ணீரைவிடக் கொழுப்புதான் பிடிக்கும். செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு, அதாவது மெல்லிய கொழுப்புப் படலம், கண்ணில் பட்டால் அதற்குள் போய்க் குவிந்துவிடும். படலம் தளர்ந்து புரோட்டான்கள் கசியும். சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் புரோட்டான் வித்தியாசம் போனால், செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி. தயாரிப்பு நின்றுவிடும். நம் இ.கோலைக்கு நடந்தது இதுதான்.

புட்டிடா என்ன செய்கிறது? முதல் வேலை சில நிமிடங்களில் நடக்கிறது. சவ்வில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் சாதாரணமாக சிஸ் வடிவில், நடுவில் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். சிடிஐ என்ற என்சைம் அந்த வளைவை நிமிர்த்தி டிரான்ஸ் வடிவமாக்குகிறது. நிமிர்ந்த சங்கிலிகள் நெருக்கி நிற்கும், சவ்வு இறுகும். இதற்குப் புதுக் கொழுப்பு எதையும் செய்ய வேண்டாம், ஏ.டி.பி. செலவும் இல்லை, வளராமல் நிற்கும் செல்லிலும் நடக்கும். இருக்கிற சவ்வை இருக்கிற இடத்திலேயே இறுக்கிவிடுகிறது. எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் சவ்வு இறுகிவிட்டால் மட்டும் பிழைக்க முடியாது. டொலுவீன் எப்படியும் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வெளியேற்றும் பம்புகள். கிரனாடா ரகத்தில் மூன்று இருக்கின்றன: டிடிஜி-ஏபிசி, டிடிஜி-டிஈஎஃப், டிடிஜி-ஜிஹெச்ஐ. இந்தப் பாக்டீரியாவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சவ்வுகள். ஒவ்வொரு பம்பும் உள்சவ்வில் ஒரு புரதம், வெளிச்சவ்வில் ஒரு குழாய், இரண்டையும் இணைக்க நடுவில் ஒன்று என மூன்று உறுப்புகள் கொண்டது. சவ்வில் புகுந்த டொலுவீனைப் பிடித்து நேராக வெளியே தள்ளிவிடும். மூன்றையும் நீக்கிவிட்டால் டொலுவீன் ஆவி பட்டால்கூட அந்தச் செல்லால் வளர முடிவதில்லை. ஆக, இந்தப் பாக்டீரியாவின் தாக்குப்பிடிப்பு பெரும்பகுதி பம்புகளில் இருக்கிறது.

யாழினிக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நஞ்சைத் தாங்குவது என்றதும் நமக்குத் தடித்த கவசம்தான் தோன்றும். இங்கே நடப்பது ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீர் இறைப்பது. இறைப்பதற்குச் சக்தி வேண்டும். இந்தப் பம்புகள் ஓடுவது புரோட்டான் வித்தியாசத்தில். டொலுவீன் கசியவிடுவதும் அதே புரோட்டானைத்தான். நஞ்சு கஜானாவைக் காலி செய்துகொண்டிருக்கும்போது, அதே கஜானாவிலிருந்துதான் நஞ்சை விரட்டவும் செலவு செய்ய வேண்டும். எஸ்12 ரகத்தை டொலுவீனோடு வளர்த்தால் அதே உணவுக்குக் குறைந்த செல்களே கிடைக்கின்றன. அந்தக் குறைவு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. உணவாகத் தின்ன முடிகிறது, அதனால்தான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள், ஆசிரியர்கள்கூட. எஸ்12 ஸ்டைரீனைத் தின்னும்; டொலுவீனைத் தின்னத் தெரியாது, ஆனாலும் தாங்கும். தின்பது வேறு, தாங்குவது வேறு.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று நீ கேட்பாய். பெர்மென்டர் என்ற வளர்ப்புத் தொட்டியில் பாக்டீரியாவை வைத்து ஒரு ரசாயனத்தைச் செய்யும்போது, பெரும்பாலும் அந்தப் பொருளே அதற்கு நஞ்சு. இதற்குப் பழைய உதாரணம் க்ளாஸ்ட்ரிடியம் அசெட்டோபியூட்டிலிக்கம் என்ற பாக்டீரியா. முதல் உலகப் போரில் கார்டைட் வெடிமருந்துக்கு அசிட்டோன் தேவைப்பட்டபோது, மான்செஸ்டரில் இருந்த வேதியியலாளர் சைம் வைஸ்மன் மாவிலிருந்து அதைச் செய்யும் வழியைக் கொடுத்தார். போர் முடிந்ததும் அதே முறையில் கூடவே கிடைத்த பியூட்டனாலுக்கு மவுசு வந்தது. அமெரிக்காவில் கார்களுக்கு அடிக்கும் லாக்கர் பெயிண்டுக்கான கரைப்பானை அதிலிருந்துதான் செய்தார்கள். பிறகு பெட்ரோலியம் மலிவாகி அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. அந்தப் பாக்டீரியாவின் வாழ்க்கையில் ஒரு கொடுமை இருக்கிறது. முதலில் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களைச் செய்கிறது. அமிலம் கூடி உயிருக்கு ஆபத்து வரும் நேரத்தில் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்து அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றித் தப்பிக்கிறது. தப்பித்த இடத்தில் பியூட்டனால் நஞ்சாகிறது. லிட்டருக்கு 12, 13 கிராம் சேர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். அவ்வளவு நீர்த்த கரைசலைக் காய்ச்சி வடிக்க ஆகும் எரிபொருள் செலவுதான் லாபத்தை விழுங்குகிறது.

அப்படியானால் தாங்கும் சக்தியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா? கூடலாம், கூடாமலும் போகலாம். மூச்சு முட்ட இறைத்துக்கொண்டிருக்கும் செல்லுக்கு நமக்காகப் பொருள் செய்யச் சக்தி மிஞ்ச வேண்டுமே. எனக்குப் பிடித்த வழி பாக்டீரியாவின் சுமையைக் குறைப்பது. எஸ்12 ரகத்தை மாற்றியமைத்து குளுக்கோஸிலிருந்து ஃபீனால் செய்தவர்கள், பெர்மென்டரில் ஆக்டனால் என்ற கரைப்பானை ஒரு மேலடுக்காக விட்டார்கள். ஃபீனால் உருவாக உருவாக அந்த அடுக்குக்குப் போய்விடும், செல் இருக்கும் தண்ணீரில் குறைவாகவே நிற்கும். ஆக்டனாலும் லேசுப்பட்டதில்லை, சாதாரண பாக்டீரியா அதன் அருகிலேயே நிற்காது. தாங்கத் தெரிந்ததால்தான் எஸ்12க்கு அந்த உதவியைச் செய்ய முடிந்தது. ஜப்பானில் நிட்டோ நிறுவனம் 1985இல் அக்ரிலமைடு செய்யத் தொடங்கியபோது வேறு வழி எடுத்தது: செல்லை முதலிலேயே வளர்த்துக்கொண்டு, பிறகு வளர்ச்சி எதிர்பார்க்காமல் அதன் என்சைமை மட்டும் வேலை வாங்குவது. மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைலும் நஞ்சு என்பதால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்கள்.

யாழினி புராஜெக்ட்டுக்குப் புட்டிடாவை எடுக்கிறாள் என்றால் எனக்குச் சந்தோஷம். பாடநூல்களில் அதிகம் வரும் கேடி2440 ரகத்தை எடுத்தால் கிரனாடா ரகம் அளவுக்குத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு அந்த மூன்றாவது பம்ப் கிடையாது. டொலுவீனை எடுத்ததும் ஊடகத்தில் ஊற்றக் கூடாது. திடீரென்று ஊற்றினால் கிரனாடா ரகத்திலேயே பெரும்பாலானவை செத்துவிடும். முன்கூட்டி ஆவியாகக் காட்டிப் பழக்கினால் ஏறக்குறைய எல்லாம் பிழைக்கும். பம்ப் ஜீன்கள் விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். பழக்கியதையும் பழக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிழைத்தவற்றை எண்ணினாலே நல்ல புராஜெக்ட். பிளாஸ்டிக் பெட்ரித் தட்டு வேண்டாம், டொலுவீனில் கரைந்து குழைந்துவிடும், கண்ணாடித் தட்டுதான். எல்லாமே ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. இந்த இரண்டையும் அவளிடம் நீயே கண்டிப்பாகச் சொல்லு.

டிசம்பரில் லீவு விட்டதும் அவளை இங்கே அனுப்பேன். எங்கள் துறையில் கண்ணாடித் தட்டுகள் நிறைய இருக்கின்றன. பெரியவனும் கோயம்புத்தூர் போயிருப்பான், எனக்கும் பேச ஆள் இருக்கும். அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
மீனாட்சி