"எங்க வீட்டுல அஞ்சு ஓட்டு, சார்"

அன்புள்ள பெற்றோர்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம்.

தாத்தா பாட்டிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை முதலில் கையில் வாங்கப்போவது வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான். கண் தெரியவில்லை என்றால் பிள்ளையையே உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், அவர்களும் கேட்கட்டும்.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பீரியடுக்கு ஆசிரியர் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். பாடம் எதுவும் எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் தெருக்குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வீர்கள்?"

"தண்ணி விடுற அண்ணன்கிட்ட சொல்வோம் சார்."

நல்ல பதில். "சரி, அவரால் முடியவில்லை என்றால்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எங்க தெருவுல ஒரு மாமா கட்சியில இருக்காரு சார். அவர்கிட்ட சொல்லணும்" என்றான். மற்றவர்களும் அதுதான் சரி என்று தலையாட்டினார்கள். ஊராட்சி என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

மேலும் கேட்டேன். கலெக்டரைத் தேர்ந்தெடுப்பது யார்? "நாமதான் சார், ஓட்டுப் போட்டு." சட்டமன்றத் தேர்தல் வரும்போது அரூர் என்று எழுதி, பக்கத்தில் 'தனி' என்று போடுகிறார்களே, அது என்ன? "கூட்டணி இல்லாம தனியா நிக்கணும் சார்." பட்டியல் சாதியினருக்காக ஒதுக்கப்பட்ட தொகுதி என்பது, அந்த ஒதுக்கீட்டுக்கு உரிய பிள்ளைகளுக்கே தெரியவில்லை. சேலம் மாவட்டத்து மேட்டூரும் நம் தருமபுரி மக்களவைத் தொகுதியில்தான் சேருகிறது என்றேன். நம்ப மறுத்தார்கள். ஒரு பையன் மட்டும் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னான். "எங்க வீட்டுல அஞ்சு ஓட்டு, சார்."

அந்த எண்ணிக்கை அவனுக்கு எப்படி மனப்பாடமானது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இவர்கள் மந்தமான பிள்ளைகள் இல்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள் என்பதையும் மக்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் போவதையும் தேர்வில் எழுதியவர்கள்தான். அந்த 234 பேரில் ஒருவர் நம் ஊருக்கு உரியவர், அவரிடம் எதைக் கேட்கலாம், எதை ஊராட்சியிடம்தான் கேட்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

யார் குற்றம் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் உடனே வந்தது. செல்போன் என்றார் ஒருவர். வீட்டில் கவனிப்பதில்லை என்றார் இன்னொருவர். நான் என்னிடமிருந்தே தொடங்க விரும்புகிறேன். தலைமையாசிரியர் ஆவதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவன் நான். புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முடிந்த பிறகுதான் குடிமையியல் வரும். அதற்குள் திருப்புதல் தேர்வு நெருங்கிவிடும். "இந்தப் பாடத்தில் இரண்டு கேள்விதான் வரும், இதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்" என்று எத்தனை ஆண்டுகள் நானே சொல்லியிருக்கிறேன்! பத்தாம் வகுப்பு முடிந்து அறிவியல் பிரிவோ வணிகவியல் பிரிவோ எடுத்துவிட்டால் குடிமையியல் புத்தகத்தை அவர்கள் மறுபடி தொடுவதே இல்லை. 15 வயதில் மூடிய புத்தகம், 18 வயதில் கையில் வாக்குரிமை. நான் கல்லூரியில் இருந்தபோது, 1989ல், வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். அதற்கு ஏற்ற மாதிரி பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தயார்செய்ததா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பெண் பிள்ளை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில், பத்தாம் வகுப்பு. பொங்கல் விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுடைய அரையாண்டு விடைத்தாள் என் மேசையில் இருந்தது. பெண்ணின் திருமண வயது என்ன என்ற கேள்விக்கு அழகான கையெழுத்தில் 18 என்று எழுதியிருந்தாள். நானே சரி போட்டு ஒரு மதிப்பெண் கொடுத்திருந்தேன். கல்யாணத் தேதி அவளுடைய தோழிகளுக்கு முன்பே தெரியும். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு பிள்ளை நிஜமான குழப்பத்தோடு என்னைப் பார்த்து, "அது பரீட்சைக்குத்தானே சார்?" என்றது.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். மாவட்ட சமூக நல அலுவலரிடம் புகார் சொல்லலாம். இத்தனையும் சொல்லித் தந்திருக்க வேண்டியவன் நான். ஒரு மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொண்டேன். நம் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்னும் இப்படிப்பட்ட கல்யாணங்கள் நடக்கின்றன என்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

அடுத்து உங்கள் பங்கு. இதைச் சொல்லும்போது நீங்கள் மனம் நோகக்கூடாது. இந்தப் பாடத்தில் என் பிள்ளைகளைவிட, சில சமயம் என் ஆசிரியர்களைவிட, நீங்கள்தான் கெட்டிக்காரர்கள். கணவரை இழந்து உதவித்தொகைக்கு அலைந்த தாய்மார்கள் உங்களில் இருக்கிறார்கள். விஏஓ என்ற கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து எதற்கு, ஆர்ஐ என்ற வருவாய் ஆய்வாளர் எதைப் பார்ப்பார், தாசில்தார் எதில் முடிவெடுப்பார், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அதற்கு எண் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நான் புத்தகத்தில் படித்ததை அவர்கள் கால் தேயத் தேயத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அதை வீட்டில் பிள்ளையிடம் சொல்வதில்லை. "நீ போய்ப் படி, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று விரட்டிவிடுகிறோம். அம்மா எந்த அலுவலகத்தில் காத்திருந்தாள் என்று பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை புத்தகத்தில் படிப்பது தான் காத்திருந்த அதே அலுவலகத்தைப் பற்றித்தான் என்று அம்மாவுக்கும் தெரியாது.

வீட்டில் பிள்ளைகள் கவனிக்கும் பாடம் ஒன்று உண்டு. தேர்தலுக்கு முந்தைய இரவு கதவைத் தட்டி, வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டு, தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிறார்களே, அதைப் பிள்ளை தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு பார்க்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். உங்கள் கஷ்டம் தெரியாமல் நான் எழுதவில்லை. மழை பொய்த்து மரவள்ளி காய்ந்த வருஷத்தில் ஐந்நூறு ரூபாய் எவ்வளவு பெரிது என்று நானும் அறிவேன். ஆனாலும் கேட்கிறேன், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து வருஷம் குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கும் வாயை அந்தப் பணம் அடைத்துவிடுகிறது. பிள்ளை அதையும் பார்க்கிறது.

தண்ணீர் விஷயத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அன்று வகுப்பில் அதைத்தான் அப்புறம் விரிவாகப் பேசினோம். நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவிக் கறையும் மூட்டு வலியும் வந்தது அதனால்தான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013ல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்கு வந்த பிறகு தொட்டியில் ஏற்றித் தெருக்குழாயில் விடுவது ஊராட்சி. ஆகவே பக்கத்துத் தெருவுக்கு வந்து நம் தெருவுக்கு வராவிட்டால் ஊராட்சியைக் கேட்க வேண்டும். ஊருக்கே வராவிட்டால், ஊராட்சி போய்க் குடிநீர் வாரியத்தைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன், பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. கட்சி மாமாவைச் சொன்ன பையனே, "அப்போ இது நம்ம உரிமையா சார், இல்ல அவர் செய்ற உதவியா?" என்று கேட்டான். என் பணிக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று.

நீங்களும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் கையில் நான்கு வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு பேருக்கு நான்கு சீட்டு. எந்த நிறம் யாருக்கு என்று இன்று இரவு பிள்ளையிடம் சொல்லிக் காட்ட முடியுமா? ஒன்றிரண்டு மறந்திருந்தால் பரவாயில்லை, இருவரும் சேர்ந்து யோசியுங்கள்.

படிப்பு இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று யாராவது சொன்னால், நம் அரூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வாச்சாத்தியைக் காட்டுங்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்து செய்த கொடுமையை இந்தக் கடிதத்தில் விவரிக்க மாட்டேன், பெரியவர்களுக்குத் தெரியும். அந்த மக்கள் விடவில்லை. 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, நம் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசு ஊழியராகவே இருந்தாலும் சட்டத்துக்கு மேலே இல்லை என்பதைப் பெரிய படிப்பு படிக்காத அந்த ஊர்ப் பெண்கள் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்லி நிரூபித்தார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் படிக்கும் என் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஊரின் பெயரோடு சரி. இதுவும் எங்கள் தவறுதான்.

இனிப் பள்ளியில் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இனிமேல் குடிமையியலுக்கு, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் சேர்த்து. இதற்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. கல்வி உதவித்தொகைக்கான வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று பிள்ளைகளே செய்து பழகுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எப்படிக் கேள்வி கேட்பது, முப்பது நாளில் பதில் வராவிட்டால் யாருக்கு மேல்முறையீடு என்பதும் உண்டு. 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். அதற்கும் உதவி செய்வோம்.

உங்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, அடுத்த முறை இ-சேவை மையத்துக்கோ விஏஓ அலுவலகத்துக்கோ போகும்போது பிள்ளையைக் கூட்டிப்போங்கள். அரை நாள் விடுப்பு நான் தருகிறேன். வரிசையில் நிற்கட்டும், படிவத்தை அவர்களே எழுதட்டும். இரண்டு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். வாக்காளராக உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை, ஆனால் உட்கார்ந்து கேட்கலாம். வரவு செலவை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு நீங்களே எழுந்து வந்துவிட்டால் அவர்கள் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். மூன்று, நம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் என்றால் டீ குடித்துவிட்டுப் போவதற்கு இல்லை. கழிப்பறையில் ஏன் தண்ணீர் இல்லை என்று என்னைக் கேளுங்கள். பிள்ளைகள் பார்க்கும்படி, சத்தமாகவே கேளுங்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். அதில் இரண்டே வரி. "எங்கள் தெருவுக்கு உடனே வேண்டியது எது?" "அதை யாரிடம் கேட்க வேண்டும்?" பிள்ளை எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். இரண்டாவது வரிக்குப் பதில் தெரியாவிட்டால் காலியாகவே விட்டு அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை வகுப்பில் நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கிறோம். பெங்களூரில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சொன்னால் போதும். திங்கட்கிழமை காலைக்குள் சீட்டு வகுப்பாசிரியர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்