கரையொதுங்கும் கடற்பறவைகளை ஆய்வுக்காகச் சேகரிக்க அனுமதி கோரல்

பணிப்பாளர் நாயகம்,
வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்,
பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, மட்டக்குளி தொடங்கிக் கல்கிசை வரையுள்ள கரையில் கடற்பறவைகள் இறந்தும் களைத்தும் ஒதுங்குகின்றன. இனப்பெருக்கத்துக்கன்றித் தரையிறங்காத ஷியர்வோட்டர், பெட்ரல் எனும் ஆழ்கடற் பறவையினங்களைக் கையிலெடுத்து அளக்க இங்கு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இது ஒன்றுதான். ஓகஸ்ட், செப்டெம்பரில் மேற்குக் கரையோரமாகத் தெற்கே செல்லும் பிரைடில்ட் ஆலாக்களைத் தொலைநோக்கியால் எண்ணிவிடலாம். அவை என்ன தின்றன, வயிற்றில் என்ன தங்கியது என்பது அதில் தெரியாது.

தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி உடல்களை எடுத்துச் செல்வது குற்றம். அது அப்படியே இருக்கட்டும். நாங்கள் கேட்பது அதன் கீழான அனுமதிப்பத்திரத்தையே.

வேலை இவ்வாறு நடக்கும். வாரமொருமுறை, குறித்த அதே துண்டுக் கரையில், விடிந்ததும் நடக்க வேண்டும். கட்டாக்காலி நாய்களும் காகங்களும் துப்புரவுப் பணியாளரும் முந்திக்கொண்டால் எதுவும் மிஞ்சாது. காகம் வயிற்றைக் கிழித்துவிட்டால் பாதி ஆய்வு போயிற்று. போகும்போது அலை ஒதுக்கிய பாசி வரிசையையும் திரும்பும்போது மேல்மணலையும் பார்க்க வேண்டும். வெள்ளவத்தைப் பக்கம் தண்டவாளத்தோரக் கருங்கற்களின் இடுக்குகளில்தான் உடல்கள் சிக்கும். ஒன்றும் கிடைக்காத நாளிலும் ‘0’ என்று எழுத வேண்டும். இதை விட்டுவிடுவதே வழக்கமான பிழை. பிறகு எந்த ஆண்டையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

காலில் வளையமிருந்தால் இலக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் சுற்றிவரப் படமெடுப்போம். அலுமினியமாயின் உப்புநீர் எழுத்தை அரித்திருக்கும். இறகு, அலகு, கணுக்கால் அளவுகளின் பின் உடலை இரட்டைப் பொலித்தீன் பையிலிட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை இரு பைகளுக்கும் நடுவில் வைத்து, மறை 20 பாகை செல்சியசில் உறையவைக்க வேண்டும். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். வெட்டும்போது இரைப்பையின் இரு பகுதிகளான முன்னிரைப்பை, அரைப்பை இரண்டையும் திறந்து, 1 மில்லிமீற்றர் அரிதட்டில் கழுவி, ஆலைக் குருணைகளையும் (பொருள் செய்ய ஆலைகள் பயன்படுத்தும் மூலப் பிளாஸ்டிக் மணிகள்) பாவித்த பிளாஸ்டிக் துண்டுகளையும் வேறாக நிறுக்க வேண்டும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் குருணை இக்கடலில் கொட்டியதால், இந்தப் பிரிப்பு வேறெங்கையும்விட இங்கு அவசியம்.

ஒரே இடத்தில் பல உடல்கள் கிடந்தால் தொடமாட்டோம். எச்5என்1 பறவைக் காய்ச்சல் உலகெங்கும் கடற்பறவைகளைக் கொன்றுவரும் காலமிது. அத்தகைய இடத்துக்கு முதலில் மிருக வைத்தியரே வரவேண்டும்.

ஆகவே வேண்டுவன: மேற்படி கரைக்கு மே மாதத்துக்கு முன் அனுமதிப்பத்திரம், பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் 200 லீற்றர் உறைபெட்டிக்கான சிபாரிசுக் கடிதம், பழுதில்லாத உடல்களைப் பின்னர் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க ஒப்புதல்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறோம். உயிர்காப்பாளரும் மீனவரும் களைத்த பறவையை நல்லெண்ணத்தில் கடலுக்கே எறிகின்றனர். நனைந்து குளிர்ந்த பறவை அதோடு மூழ்கும். காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில், துவாய் விரித்து, இருட்டில் வைக்கவும், வாயில் தண்ணீர் ஊற்றாதிருக்கவும் மும்மொழியிலும் ஒரு பக்க அறிவித்தல் வெளியிட்டுதவுங்கள். வரைவை இத்துடன் இணைத்துள்ளோம்.

இங்ஙனம்,
கொழும்புக் கரையோரப் பறவை ஆய்வாளர்களும் அவதானிப்பாளர்களும்