'டாட்ரி'க்குள் ஒரு துறவி

ஆசிரியருக்கு வணக்கம்.

'டாட்ரி' (tawdry) என்ற ஆங்கிலச் சொல்லை 'மலிவான' என்று மட்டும் மொழிபெயர்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது போதாது. விலை குறைந்த பொருள் எல்லாம் டாட்ரி ஆகிவிடாது. கண்ணைப் பறிக்கும் பகட்டு இருக்க வேண்டும், ரசனையும் தரமும் இருக்கக் கூடாது. 'மட்டரகப் பகட்டு' என்றால் ஓரளவு சரி.

அதன் பிறப்பைப் படித்தபோது மனம் கனத்தது. இங்கிலாந்தின் ஈலியில் மடம் நிறுவித் துறவியான அரசி எத்தல்த்ரித், 679-இல் இறந்தார். கழுத்தில் பெரிய கட்டி. இளமையில் கழுத்தணிகளை விரும்பி அணிந்ததற்கான தண்டனை என்று அவரே சொன்னதாக பீட் என்ற துறவி எழுதியிருக்கிறார். பேச்சுவழக்கில் அவர் பெயர் ஆட்ரி ஆனது. அப்புறம் அவர் பெயரால் நடந்த சந்தையில் விற்ற பட்டுக் கழுத்து நாடாக்கள் 'செயின்ட் ஆட்ரி' நாடாக்கள் ஆயின. 'செயின்ட்' என்பதன் கடைசி ஒலி ஒட்டிக்கொள்ள, 'டாட்ரி' பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அது மட்டமான அலங்காரத்தைக் குறித்தது.

நகை ஆசைக்காக வருந்திய பெண்ணின் பெயருக்கா இந்தக் கதி! ஆங்கிலம்-தமிழ் அகராதி தொகுப்பவர்கள் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர்