நம் தமிழ்ப் பள்ளிக்கு இந்த ஒரு வரி வேண்டாம்

நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வரும் நடத்தை விதிகளின் வரைவு உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். வண்டி நிறுத்தும் இடம், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போனால் அபராதம், வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிய விதிகள் எல்லாம் சரி, அவற்றுக்கு என் வாக்கு உண்டு. கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்: "பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம், வழக்கத்துக்கு மாறான குடும்ப அமைப்புகள் ஆகியவை குறித்து ஆசிரியர்கள் வகுப்பறையில் எதுவும் பேசக் கூடாது." போதாததற்கு, "ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தின்படி" என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

நான் இரண்டாம் நிலைக்கு வகுப்பெடுப்பவள். என் மகன் கவுண்டியின் (மாவட்டத்தின்) பொதுப் பள்ளியில் படிக்கிறான். இந்த வரியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் அங்கே காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும், இல்லையென்றால் யாராவது கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விடுவார். அதனால் மடலாக எழுதுகிறேன்.

"மாநிலச் சட்டத்தின்படி" என்பதே முதலில் தவறு. 2022 மார்ச் 28 அன்று ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் பெயர் கல்வியில் பெற்றோர் உரிமைச் சட்டம். எதிர்த்தவர்கள் அதை 'டோன்ட் சே கே' ('தன்பாலின ஈர்ப்பு என்று சொல்லாதே') என்றார்கள், அந்தப் பெயர்தான் நின்றது. மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பாலின ஈர்ப்பு பற்றியோ பாலின அடையாளம் பற்றியோ வகுப்பில் பாடம் நடத்தக் கூடாது, அதற்கு மேல் வயதுக்கு ஒவ்வாத முறையில் நடத்தக் கூடாது என்றது அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநிலக் கல்வி வாரியம் சில விலக்குகளோடு தடையை 12ஆம் வகுப்பு வரை நீட்டியது. மே மாதம் இன்னொரு சட்டம் வந்து, 8ஆம் வகுப்பு வரைக்கும் தடையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. இவை எல்லாம் அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிகளுக்கானவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கும் நம்மை அவை கட்டுப்படுத்தாது.

சரி, கட்டுப்படுத்தாவிட்டாலும் மாநிலம் காட்டும் வழியில் நாமும் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மாநிலம் என்ன வழி காட்டுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இந்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கில் 2024 மார்ச் மாதம் மாநிலக் கல்வித் துறை ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. சட்டம் தடுப்பது பாடம் நடத்துவதைத்தான், தன்பாலினத் தம்பதிகளைப் பற்றிய பேச்சை அது தடுக்கவில்லை என்று அதில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை தன் கட்டுரையில் தன் இரண்டு அம்மாக்களைப் பற்றி எழுதலாம். ஒரு கதையில் அப்படிப்பட்ட தம்பதி வந்துபோகலாம். பாடத்துக்குப் பயன்படுத்தாத நூலகப் புத்தகத்துக்குத் தடை பொருந்தாது. கேலிக்கும் வம்புக்கும் எதிராக ஆசிரியர் பேசலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்: தடை எல்லாப் பாலின ஈர்ப்புக்கும் ஒரே மாதிரிதான், ஆண் பெண் ஈர்ப்பைப் பற்றியும் பாடம் நடத்தக் கூடாது. ஆளுநர் அலுவலகம் இந்த உடன்பாட்டைத் தன் வெற்றி என்றே அறிவித்தது.

ஆக, டிசாண்டிஸ் அரசு அனுமதிப்பதை நம் வரைவு தடுக்கிறது. அங்கே "பாடம் நடத்தக் கூடாது", இங்கே "எதுவும் பேசக் கூடாது". ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசம்.

அந்த உடன்பாடு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை பள்ளிகளில் நடந்ததுதான் எனக்குக் கவலை தருகிறது. பாடம் நடத்துவது என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. ஆனால் பெற்றோர் நேராகப் பள்ளி மாவட்டத்தின் மீது வழக்குப் போடலாம், ஜெயித்தால் வழக்கறிஞர் செலவையும் வாங்கலாம் என்று மட்டும் தெளிவாகச் சொன்னது. இந்த இரண்டையும் ஒரு தலைமை ஆசிரியர் முன்னால் வைத்தால் அவர் என்ன செய்வார்? எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் நிறுத்துவார். நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் ராய், சைலோ என்று இரண்டு ஆண் பென்குயின்கள் சேர்ந்து ஒரு முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரித்து வளர்த்தன. நடந்த கதை. அதைச் சொல்லும் படப்புத்தகத்தை நம் மாநிலத்தின் லேக் கவுண்டிப் பள்ளிகள், இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் நிறுத்தின. 2023இல் வழக்கு வந்தது. நூலகத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று மாநிலத் தரப்பே சொன்ன பிறகுதான் புத்தகம் திரும்பியது. அந்தப் புத்தகத்தில் உடலுறவு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முட்டை இருக்கிறது, மீன் இருக்கிறது.

"சின்னப் பிள்ளைகளுக்குப் பாலியல் பாடம் எதற்கு?" என்பதுதான் நம்மில் பலரின் கேள்வி. நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்பில் அது வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2022இல் மாநில மேலவையில் இந்த மசோதா இருந்தபோது நடந்த ஒன்றைக் கவனியுங்கள். ஜெஃப் பிராண்டஸ் என்ற, டிசாண்டிஸின் குடியரசுக் கட்சி உறுப்பினரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 'பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, மனிதப் பாலியல், பாலுறவுச் செயல்பாடு என்று போடுங்கள், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்றார். பாலியல் பாடத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் அந்தத் திருத்தமே போதும். அதைத் தோற்கடித்தார்கள்.

இங்கிலாந்து இதையெல்லாம் முன்பே பார்த்துவிட்டது. மார்கரெட் தாட்சர் அரசு 1988இல் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. தன்பாலின உறவைக் குடும்ப உறவாக ஏற்கத்தக்கது என்று பள்ளிகளில் கற்பிப்பதை உள்ளாட்சி அமைப்புகள் ஊக்குவிக்கக் கூடாது என்றது அது. அந்த உறவைப் 'பாசாங்குக் குடும்பம்' என்ற பொருள்படச் சட்டத்திலேயே எழுதினார்கள். வகுப்பில் இதைப் பற்றிப் புறவயமாகப் பேசுவதையோ, குழம்பி நிற்கும் மாணவருக்கு ஆசிரியர் ஆலோசனை சொல்வதையோ பிரிவு தடுக்காது என்று அதே ஆண்டு அரசுச் சுற்றறிக்கையும் வந்தது. யார் அதைப் படித்தார்கள்? அந்தப் பிரிவின் கீழ் ஓர் ஆசிரியரும் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வகுப்பில் ஒருவனை மற்றவர்கள் கேலி செய்யும்போதுகூடத் தலையிடலாமா என்று தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இல் அதை நீக்கினார்கள். அதை நீக்கக் கூடாது என்று ஒருகாலத்தில் நின்ற டேவிட் கேமரன், கன்சர்வேடிவ் கட்சித் தலைவராக 2009இல் அதற்காக மன்னிப்புக் கேட்டார். நம் பள்ளியில் லண்டனில் படித்து வளர்ந்த ஈழத்துப் பெற்றோர் சிலர் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே எப்படி இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2022 இலையுதிர் காலத்தில் என் மகன் வகுப்புக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். பெரிய அட்டையில் பிள்ளைகள் தங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை இரண்டு பெண்களை வரைந்து, ஒருவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, "இது மம்மி, இது மாம்" என்றது. பக்கத்துப் பையன், "அப்பா எங்கே?" என்றான். "அப்பா இல்லை, ரெண்டு அம்மா." "அது எப்படி?" என்று ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான். 20 ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியை அவர். 'சில வீட்டில் அப்படி இருக்கும்' என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், "க்ரேயான் எல்லாம் டப்பாவில் போடுங்கள்" என்றார். அந்தப் பையன் விடுவானா, மதிய உணவு வரிசையில் அந்தக் குழந்தையிடம் மறுபடி மறுபடி அதையே கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வரைய வேண்டிய குடும்ப மரத்தை ஆசிரியை நிறுத்திவிட்டு, மேகங்களைப் பற்றி ஒரு பயிற்சித்தாள் கொடுத்தனுப்பினார். என் மகனும் தன் தாத்தா பாட்டியை வரையவில்லை.

அந்தக் குழந்தையின் அம்மாக்களின் திருமணத்தை ஃபுளோரிடா 2015 ஜனவரியிலிருந்து அங்கீகரிக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதைச் சட்டமாக்கியது. கவுண்டி அலுவலகத்தில் திருமணச் சான்றிதழ் கொடுக்கும் அரசின் பள்ளியில், அந்த வீட்டுப் பிள்ளையின் படத்துக்கு ஆசிரியர் பயப்பட வேண்டியிருந்தது.

அப்புறம் பெற்றோர் உரிமை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியில் முஸ்லிம், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தன்பாலினத் தம்பதிகள் வரும் கதைப்புத்தகங்களை வாசிக்கும்போது முன்கூட்டியே சொல்லுங்கள், எங்கள் பிள்ளையை விலக்கிக்கொள்கிறோம் என்பது அவர்கள் கோரிக்கை. 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் அந்தப் பெற்றோர் தங்கள் பிள்ளையைத்தான் விலக்கிக்கொள்ளக் கேட்டார்கள். நம் வரைவோ எல்லோர் பிள்ளைகளின் வகுப்பிலும் ஆசிரியரின் வாயை அடைக்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

"வழக்கத்துக்கு மாறான குடும்ப அமைப்புகள்" என்ற சொற்கள் மாநிலச் சட்டத்திலும் இல்லாதவை, நாமே சேர்த்தவை. எது வழக்கம்? என் வகுப்பிலேயே அம்மா மட்டும் வளர்க்கும் பிள்ளை இருக்கிறது. விசா முத்திரைக்குப் போன அப்பா சென்னையில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட வீடு இருக்கிறது. பெரியம்மா வீட்டில் வளரும் பெண் இருக்கிறாள். இந்த விதி வந்தால் 'என் குடும்பம்' பாடத்தை இவர்களுக்கு எப்படி நடத்துவது? கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்த முருகன் கதையைச் சொல்லலாமா? பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் இருவரையும் தந்தையின் நண்பரான கபிலர் அழைத்துக்கொண்டு போனாரே, அந்தப் பாடத்தை விட்டுவிடவா? விதண்டாவாதம் என்பீர்கள். எது விதண்டாவாதம், எது விதிமீறல் என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு முடிவு செய்ய வேண்டியவர்கள் சம்பளம் வாங்காத நாங்கள்.

"நம் ஊரில் இதெல்லாம் கிடையாது, நம் பண்பாட்டைக் காப்பாற்றத்தானே இந்தப் பள்ளி" என்ற பேச்சும் காதில் விழுந்தது. நம் ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒருவரை ஒருவர் காதலித்து, மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு போட்டார். இதைப் புரிந்துகொள்ள நானே உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களிலேயே இதைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது. டெல்லியில் காற்று வேறு பக்கமும் அடித்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று, பாடநூல் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி 2021இல் தயாரித்த ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு வந்ததும் இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஊரிலும் விவாதம் நடக்கிறது. இங்கே பொதுக்குழுவில் அதுகூட இல்லாமல் கையைத் தூக்கிவிட்டுப் போகப் பார்க்கிறோம்.

வெறுமனே எதிர்த்துவிட்டுப் போக எனக்கும் விருப்பமில்லை. அந்த வரிக்குப் பதிலாக இதைப் போடலாம்: "பாடத்திட்டத்தில் இல்லாத பாலியல் கல்வியை ஆசிரியர்கள் நடத்தமாட்டார்கள். எந்தப் பிள்ளையும் தன் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி வகுப்பில் பேசலாம், எழுதலாம், வரையலாம். வயதுக்கு ஏற்ற சுருக்கமான பதிலை ஆசிரியர் சொல்லலாம். குடும்பத்தைக் காட்டி ஒரு பிள்ளையைக் கேலி செய்தால் ஆசிரியர் தலையிட வேண்டும். ஆட்சேபம் இருக்கும் பெற்றோர் முதலில் ஆசிரியரிடம் பேச வேண்டும்." அதோடு, இரண்டாம் நிலைப் பயிற்சித்தாளில் 'அப்பா பெயர் ____, அம்மா பெயர் ____' என்று இருப்பதை 'என் வீட்டில் இருப்பவர்கள்' என்று மாற்றி, நான்கு கோடுகள் போட்டுவிடலாம். உறவுமுறைச் சொற்கள் இன்னும் இரண்டு கூடுதலாகவே பிள்ளைகளுக்குப் பழகும்.

இந்த மாற்று வாசகத்தைப் பொதுக்குழுவில் நான் முன்மொழிகிறேன். நம் சட்டதிட்டப்படி வழிமொழிய உறுப்பினர் ஒருவர் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் செயலாளருக்கு எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் நிலை ஆசிரியை