‘நாள் முழுவதும் நிதானமாக’ என்று விற்ற எழுபது நிமிடங்கள்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனம், சென்னை.

பொருள்: ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் என்ற கலைக்கூடத்தின் முழு நாள் பார்வைக்குக் கட்டிய தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

கடந்த மே மாதம் உங்கள் பத்து நாள் ஐரோப்பா சுற்றுலாவில் வந்த 34 பேரில் நானும் ஒருத்தி. விமானம், ஹோட்டல், சாப்பாடு எதிலும் எனக்குக் குறை இல்லை. தயிர்சாதம்கூடக் கிடைத்தது. என் புகார் ஏழாம் நாளைப் பற்றி மட்டும்தான்.

உங்கள் பயணக் கையேட்டில் அந்த நாளுக்கு நேராக ‘ரைக்ஸ் மியூசியத்தில் நாள் முழுவதும் நிதானமாக’ என்று அச்சாகியிருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் அதற்கென்று தனியாக 9,800 ரூபாய் கட்டச் சொன்னீர்கள். பதினொரு பேர் கட்டினோம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். ஈஃபில் கோபுரமெல்லாம் எனக்குக் கொசுறு.

காலை 9 மணிக்குக் கிளம்பிய பேருந்து நேராக ஒரு வைரப் பட்டறைக்குப் போனது. ‘அரை மணி நேரம்தான்’ என்றார் உங்கள் டூர் மேனேஜர். பட்டை தீட்டுவதைப் பார்த்தது பத்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் விற்பனைக்கூடம். அடுத்து சீஸும் மரச்செருப்பும் விற்கும் கடை. அப்புறம் சாப்பாடு. மியூசியத்துக்குள் காலடி வைத்தபோது மணி 3.10. சரியாக 4.20க்கு எங்களை வெளியே நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டில் தாமதம் சகஜம் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது நுழைவுச்சீட்டு கையில் அகப்பட்டது. அந்த மியூசியத்தில் உள்ளே போகும் நேரத்தை முன்கூட்டியே குறித்துத்தான் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் சீட்டில் இருந்த நேரம் பிற்பகல் 3 மணி. மியூசியம் காலை 9க்குத் திறந்து மாலை 5க்கு மூடிவிடுகிறது. ஆக, சீட்டு வாங்கிய அன்றே எங்கள் முழு நாளை இரண்டு மணி நேரமாக்கிவிட்டீர்கள். அதிலும் ஐம்பது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

படம் பார்க்க எழுபது நிமிடம் போதாதா என்று கேட்பீர்கள். 1642இல் ரெம்ப்ராண்ட் வரைந்த ‘இரவுக் காவல்’ ஏறக்குறைய பன்னிரண்டடி உயரம், பதினைந்தடி அகலம். 1715இல் நகர மன்றத்துச் சுவரில் அடங்கவில்லை என்று ஓரங்களை வெட்டியே எடுத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் நின்ற ஆட்கள் அதோடு போனார்கள். வெட்டியதால் படத்தின் நடு எப்படி நகர்ந்தது என்று பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். ‘எல்லாரும் போட்டோ எடுத்தாச்சா? போகலாம்’ என்ற குரல் ஆறாவது நிமிடத்தில் கேட்டது.

வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண் அதற்கு நேர்மாறு. 45.5 செ.மீ. உயரம்தான். ஆணி பிடுங்கிய ஓட்டையைக்கூடச் சுவரில் வரைந்திருக்கிறார். அந்தப் படத்தின் காலண்டர் அச்சை வகுப்பில் மாட்டி இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். லாபிஸ் என்ற நீலக் கல்லை அரைத்தெடுத்த அந்த நிறம் அச்சில் ஒருநாளும் ஒழுங்காக விழுந்ததில்லை. நேரில் அதைப் பார்க்க எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம், அதுவும் ஒரு செல்ஃபிக்குப் பின்னால் நின்று.

ஆசியக் கலைக்கென்று அங்கே நீர் சூழ்ந்த தனிக் கட்டடம் இருக்கிறது. அதில் சோழர் காலத்து நடராஜர் ஒருவர் இருக்கிறார். ஐந்தடி உயரம், சுமார் 300 கிலோ. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இல்லாத கன வார்ப்பு என்று உறுதி செய்திருக்கிறார்கள். சுவாமிமலைப் பட்டறைகளுக்கு மாணவர்களை அழைத்துப் போனவள் நான். அவ்வளவு உலோகத்தை ஒரே வார்ப்பில் ஊற்றுவது என்ன காரியம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ‘அங்கே மட்டும் பத்து நிமிடம் போய் வருகிறேன், தம்பி’ என்று டூர் மேனேஜரிடம் கேட்டேன். ‘நம்ம ஊர்ல பார்க்காத நடராஜரா மேடம்?’ என்றார். பார்க்கவில்லைதான். நம் கோயில்களில் பட்டும் மாலையும் போக முகமும் தூக்கிய பாதமும்தான் தெரியும். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. 5 மணிக்கு எங்களைப் படகில் ஏற்ற வேண்டும் என்று அவர் கையில் இருந்த தாளில் எழுதியிருந்தது. எழுதியது நீங்கள்.

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து, ‘மியூசியம் காட்டப்பட்டது, சேவை நிறைவேறியது’ என்று பதில் வந்தது. கூடவே அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். எனக்கு 67 வயது, முழங்கால் வலி. அடுத்த ஆம்ஸ்டர்டாம் எனக்கு எப்போது வரப்போகிறது? கூப்பனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் கேட்பது 9,800 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான். கட்டிய மற்ற பத்து பேருக்கும் அப்படியே. கையேட்டில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்; அல்லது காலை 9 மணிச் சீட்டு வாங்குங்கள். வைரப் பட்டறைக்குப் போவதையும் மறைக்காமல் அச்சிடுங்கள், போக விரும்புகிறவர்கள் போகட்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. எனக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை.

கையேட்டின் அந்தப் பக்கம், பணம் கட்டிய ரசீது, 3 மணி என்று அச்சான நுழைவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஏழாம் நாள் பயணி