எங்கள் தக்காளி விதைகளுக்கு அடையாளம் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

அம்மாச்சி சாம்பலில் பிரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த தக்காளி விதைகள், இன்று பெயரும் குறிப்பும் எழுதப்பட்ட தனித்தனிப் புட்டிகளில் இருக்கின்றன. இதற்காக நிலமும் நேரமும் தந்த உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம் என்று சொன்ன ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பேராசிரியர் ஐயாவுக்கு. நாங்கள் தேனிப் பக்கத்துக் குடும்பம். பழமோ தட்டையுருண்டையாக, காம்பைச் சுற்றிய தோளில் பச்சையோடு காய்க்கிறது. ஆகவே இது பழைய அன்னஞ்சித் தக்காளிதான் என்று உறவினர் பலரும் உறுதியாகச் சொன்னார்கள். அந்த அன்னஞ்சி நாட்டு வகையில் சடுதிமாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தை, தூண்டித்தான் பெரியகுளத்தில் பி.கே.எம். 1 ரகம் உருவாக்கப்பட்டது என்பதால், அப்பெயர் எங்கள் விதைக்கு அமைந்திருந்தால் எல்லோருக்கும் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் பி.கே.எம். 1 பழமும் அதே வடிவம், அதே பச்சைத் தோள். எங்களிடம் இருப்பது தாயா, மகளா என்பதைத் தோற்றத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது என்று ஐயா பொறுமையாக விளக்கினார். குறிப்பேட்டில் ‘அன்னஞ்சி என்பது உறவினர் கூற்று’ என்று மட்டுமே எழுதியிருக்கிறோம். அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தைப்பட்டத்தில் எங்கள் விதைகளையும் பி.கே.எம். 1 விதையையும் அடுத்தடுத்த பாத்திகளில் வளர்த்துப் பார்க்கக் கிணற்றடி நிலத்தை விட்டுக்கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் குழல்போல் சேர்ந்து சூல்தண்டைச் சூழ்ந்திருப்பதால் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான் நடக்கும். ஆயினும் வண்டும் தேனீயும் கலப்பை உண்டாக்கிவிடலாம் என்பதால், விதைக்கென ஒதுக்கிய கொத்துகளுக்கு மொட்டிலேயே வலைத்துணிப் பை கட்டிய பிள்ளைகளின் உழைப்பு சிறிதன்று.

ஒரே முடிச்சில் இருந்தவை இரண்டு வகைகள் என்று கண்டுபிடித்தவர் அத்தை. ரசத்துக்காகப் பழங்களை வெந்நீரில் போட்டுத் தோலுரித்தவர், ஒன்றின் தோல் மஞ்சளாகவும் மற்றொன்றின் தோல் கண்ணாடித்தாள் போல நிறமற்றும் இருப்பதைக் கண்டு, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டின் சதையும் சிவப்புத்தான். மஞ்சள் தோல் போர்த்தியது செம்பழமாகவும், நிறமற்ற தோல் போர்த்தியது இளஞ்சிவப்பாகவும் தெரிகிறது. காயின் அளவையும் விதையறைகளையும் எண்ணிக்கொண்டிருந்த எங்களில் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

பெயர்களில் ஆள்பெயர் வேண்டாம் என்ற சித்தியின் யோசனையை அனைவரும் ஏற்றோம். இவ்விதைகளைக் காத்த பெண்கள் பலர், அவர்களில் ஒருவரை மட்டும் குறிப்பது நியாயமன்று. ஆகவே புஞ்சையின் பெயரும் பழத்தின் இயல்பும் சேர்ந்து ‘மேலப்புஞ்சைத் தட்டை’, ‘மேலப்புஞ்சை ரோஜா’ என்று அமைந்தன. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தருவதையும், உழவர் ரகமாகப் பதிவுசெய்யத் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருப்பதையும் எடுத்துரைத்த வழக்கறிஞர் நண்பருக்கும் நன்றி.

விதை கேட்டிருக்கும் உறவினர்களுக்கு வரும் ஆடிப்பட்டத்துக்கு முன் குறிப்புத்தாளும் சேர்த்து அனுப்புகிறோம். உங்கள் மண்ணில் பழம் வேறு மாதிரி காய்த்தால், அதே தாளில் எழுதித் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
மேலப்புஞ்சைக் குடும்பத்தார்